அண்ணிக்கு பெங்களூரு காட்டிய நாள்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் ஒரே சுற்றுதான் சுற்றிக் காட்டுவேன். காலையில் வெயில் ஏறும் முன் லால்பாக். அங்கிருந்து பசவனகுடி பெரிய நந்தி. பிறகு கவிபுரம் குகைக் கோயில். அப்புறம் மெட்ரோவில் பூமிக்கடியில் போய் இறங்கி, விதான சௌதாவை வெளியே நின்று பார்ப்பது. கால் தாங்கினால் கடைசியாக சிவாஜிநகர் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் தங்கவயலில் பிறந்த யாரும் மாதாவைத் தாண்டிப் போக மாட்டோம்.

பெங்களூரு ஓரத்துச் சந்தாபுராவுக்குக் குடி வந்தபின் இந்தச் சுற்றை எத்தனையோ பேருக்குக் காட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் பாதி வரைதான் கூட வருவார். லால்பாக் வருவார், நந்தி வருவார். குகைக் கோயிலில் மேல்படியிலேயே உட்கார்ந்து எல்லார் செருப்பையும் பார்த்துக்கொள்வார். மெட்ரோ பாலத்துக்கு மேலே ஓடும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார். நேஷனல் காலேஜ் நிறுத்தம் வந்ததும் எழுந்துவிடுவார். அதற்கு அடுத்தது சுரங்கம். அவர் இறங்கி பஸ் பிடித்து மெஜஸ்டிக் வருவார். நாங்கள் அங்கே அவருக்காக அரைமணி காத்திருப்போம்.

"பத்தொம்போது வருஷம் பாறைக்குள்ள இருந்தாச்சு. போதும்டி," என்பார். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அந்தத் தடவை வந்தது என் அண்ணி. என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணனும் என் வீட்டுக்காரரும் தங்கவயல் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர்கள். என் மகன் வயிற்றில் ஏழு மாசமாக இருந்தபோது ஒரு நாள் கீழே பாறை வெடித்தது. சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான எங்கள் லைன் வீடுகளில் அதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அடுக்கில் இருக்கும் பாத்திரமெல்லாம் தானாக நடுங்கிப் பேசும். அன்றைக்கும் பேசியது. பெண்கள் எல்லாரும் அடுப்பை அணைத்துவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடினோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்தபோது என் வீட்டுக்காரர் இருந்தார், அண்ணன் இல்லை. அந்தப் பக்கம் முழுக்க இறங்கி மூடிக்கொண்டதால் உடம்பையும் எடுக்க முடியவில்லை.

"ஒரே நொடிம்மா. மச்சானுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்று என் வீட்டுக்காரர் அண்ணியிடம் சொன்னார். அண்ணி அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு குடியாத்தம் தாய்வீட்டுக்குப் போனவர்தான். தையல் மிஷின் போட்டு மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மூன்று மாசம் முன்னால் திடீரென்று போன் செய்தார்.

"முட்டி ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி இந்த முட்டி இருக்கும்போதே பெங்களூரு பாத்துடறேன். உங்க அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாரு. நீயாச்சும் காட்டு."

அது உண்மைதான். லால்பாக் பூக்காட்சிக்குப் போவதாக அவர்கள் நாள் குறித்து வைத்திருந்தார்கள். அண்ணி புதுப்புடவையை மடித்துக்கூட வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முன்னால்தான் அண்ணன் மேலே வராமல் போனது.

லால்பாக்கில் அன்று கூட்டம் இல்லை. அண்ணிக்காக மெல்ல மெல்ல அங்கிருக்கும் பெரிய பாறைமேல் ஏறினோம். பல கோடி வருஷம் பழையது என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். மேலே போனால் நாலு பக்கமும் ஊர் தெரியும். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் குடைக்காம்பால் பாறையைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பழக்கம் போகாது. கெட்டியான கல் மணி மாதிரி கணீர் என்னும். பெயர்ந்து விழப்போகிற கல் மேளம் மாதிரி பொதபொத என்னும். அதைத் தட்டிப் பார்த்துத்தான் அடியில் நிற்பார்கள்.

"என்னண்ணா, லால்பாக் தாங்குமா?" என்றார் அண்ணி. என் வீட்டுக்காரரை அவர் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"தாங்கும் தங்கச்சி. நல்ல கல்லு."

"பொண்ணு பாக்க வந்தப்பவே மனுஷன் எங்க வீட்டு செவுத்தத் தட்டிப் பாத்துட்டுத்தான் உக்காந்தாரு. பொண்ணத் தட்டிப் பாக்காம விட்டாரேன்னு உங்கண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"பாத்திருக்கணும்," என்றார் என் வீட்டுக்காரர். "அப்பவே தெரிஞ்சிருக்கும், மேளம்னு."

சிரித்துக்கொண்டே அண்ணி தன் தண்ணீர் பாட்டிலின் எவர்சில்வர் மூடியைக் கழற்றி, விளையாட்டாகப் பாறையில் தட்டினார். மூன்று தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு இரண்டு.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த குடை நழுவியது. சரிவில் சறுக்கிக்கொண்டே போய் கீழே ஒரு பள்ளத்தில் நின்றது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது யாரு சொல்லிக் குடுத்தது?"

"எது? இந்தத் தட்டா? உங்க மச்சான்தான். வேலை முடிஞ்சு வந்தா கதவ இப்படித்தான் தட்டுவாரு. மூணும் ரெண்டும். வேற யாரு தட்டினாலும் நான் தாழ்ப்பாள் எடுக்க மாட்டேன்." அண்ணி ஏரிப் பக்கம் பார்த்தபடி மூடியைத் திருகினார். "இப்பவும் தட்டறாரு."

நான் கேட்டது சரியா என்று எனக்குச் சந்தேகம்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"குடியாத்தத்துலதான். மத்தியானம் மூணு மணி வாக்குல, ஷிஃப்ட் முடியற நேரத்துக்கு. வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள். மொதல்ல தெருப் பசங்கன்னு நெனச்சேன். போய்த் திறந்தா வெயில்தான் நிக்கும். வாசப்படியில வெள்ளையா தூள் மாதிரி கொஞ்சம் இருக்கும். பெருக்கிட்டு வந்துடுவேன். யார்கிட்ட சொல்றது? மருமகன் வீட்டுல தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லிடுவாங்க."

அவர் இதைச் சொன்ன குரலில் ஒரு பயமும் இல்லை. பால்காரன் வந்து போவதைச் சொல்வது போலத்தான் சொன்னார். பயம் எனக்குத்தான். மாரியம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் குடையை எடுக்கப் போனார். போனவர் பள்ளத்தில் வெகுநேரம் குனிந்தபடியே நின்றார்.

அங்கிருந்து நந்தி கோயிலுக்குப் போனோம். வெளியே வறுத்த கடலை வாங்கினேன். "உங்க அண்ணன் கடலையைத் தொட மாட்டாரு. பல்லுல மாட்டிக்கும்," என்று அண்ணி தன் பொட்டலத்தை எனக்கே திருப்பிக் கொடுத்தார். அத்தனை பெரிய நந்தியைச் சுற்றிவரும்போது எனக்கு ஒரு பிரார்த்தனையும் ஒட்டவில்லை. எண்ணெய் பூசிய அந்தக் கறுப்புக் கல்லையும் என் வீட்டுக்காரர் தட்டிப் பார்ப்பாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கை இரண்டையும் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

கவிபுரம் வந்ததும் ஆட்டோக்காரரை வெளியே நிற்கச் சொன்னோம். குகைக் கோயிலுக்குப் படி இறங்கிப் போக வேண்டும். நான் வழக்கம்போல் செருப்பைக் கழற்றி என் வீட்டுக்காரர் பக்கத்தில் வைத்தேன். அவரும் தன் செருப்பைக் கழற்றினார்.

"நீங்க எங்க?"

"நானும் வரேன்."

"மூச்சு முட்டும்ங்க."

"முட்டட்டும்."

கருவறைக்குப் பின்னால் சிவனைச் சுற்றிவர பாறைக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. நிமிர முடியாது. இடுப்பை மடக்கித்தான் போக வேண்டும். கல்லெல்லாம் ஈரமாகக் கசியும். இந்த வழி உள்ளேயே காசி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். அதை அண்ணியிடம் சொன்னேன்.

"அப்ப ரயில் சீட்டு மிச்சம். இந்த முட்டியோட குனிஞ்சே காசிக்குப் போனா நேரா மோட்சம்தான்," என்றார்.

நான் முன்னால், அண்ணி நடுவில், அவர் பின்னால். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. வளைவில் திரும்பினோம். கோயில் மணிச் சத்தம் அங்கே கேட்காது. நம் மூச்சு மட்டும் கல்லில் பட்டுத் திரும்பி வரும். அந்த வழியில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

தட்டு கேட்டது.

மூன்று. ஒரு மூச்சு. இரண்டு.

அண்ணி மறுபடி விளையாடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் இரண்டு கையாலும் என் முந்தானையைப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கல்லில் சாய்ந்து நின்றார். சத்தம் எங்கள் பக்கத்திலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து வந்தது. கல்லுக்குள்ளே, தூரத்தில், ஆனால் தெளிவாக.

என் வீட்டுக்காரரின் கை தானாக உயர்ந்தது. விரல் முட்டியால் பாறையில் தட்டினார். மூன்றும் இரண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட இதை விளையாடுவோம். கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டு கேட்டால் அதே கணக்கில் திருப்பித் தட்ட வேண்டும். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பதில் தட்டியவன் சொல்லாமல் இடத்தை விட்டுப் போகக் கூடாது. போவதாக இருந்தால் ஒரே ஒரு தட்டு. ஷிஃப்ட் முடிந்தது, நான் மேலே போகிறேன், நீயும் வா என்று அர்த்தம். எங்கள் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தட்டிக்கொண்டே தூங்கிப்போவோம். ஒற்றைத் தட்டு தட்டாமல் யாரும் தூங்கினதில்லை.

பதில் தட்டிவிட்டு என் வீட்டுக்காரர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"ஏனாயித்து? முந்தே ஹோகிம்மா," என்று ஒரு ஆள் கன்னடத்தில் சொன்னார், முன்னால் நகரச் சொல்லி.

"ஸ்வல்ப உஷாரில்லா. ஐது நிமிஷ," என்றேன். உடம்புக்கு முடியவில்லை, ஐந்து நிமிஷம் என்று. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்த வழியே திரும்பினார்கள்.

"தங்கச்சி," என்றார் அவர். கல்லைப் பார்த்துத்தான் பேசினார். "ஒரே நொடின்னு சொன்னேன் இல்ல. அது பொய்."

அண்ணி என் முந்தானையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"வெடிச்ச தூசி அடங்கினதும் கேட்டேன். மூணும் ரெண்டும். இடையில பெரிய பாறை. நான் பதில் தட்டினேன். அவன் திருப்பித் தட்டினான். சும்மா இல்ல, நல்லா, பலமா. எத்தனை நேரம்னு எனக்குத் தெரியல. மேலயிருந்து ஆளுங்க வந்தாங்க. பாறை இன்னும் நெறுநெறுன்னு பேசிட்டே இருந்துச்சு. எல்லாரும் செத்துடுவீங்கன்னு சொல்லி எங்கள இழுத்துட்டுப் போனாங்க. அவங்க மேல தப்பு இல்ல. மறுநாளும் எறங்கிப் பாத்தோம். அப்பவும் கேட்டுச்சு. கொஞ்சம் மெதுவா."

"அப்புறம்?"

"அதுக்கு மறுநாள் கேக்கல. ஆனா நான் ஒத்தத் தட்டு தட்டலம்மா. ரெண்டு நாளும் தட்டல. தட்டினா நான் போறேன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். மனசு வரல. தட்டாமயே வந்துட்டேன். அவன், நான் கல்லுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டு..."

 முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்த எனக்கு இது தெரியாது. தூக்கத்தில் அவர் விரல் சுவரில் அசையும். நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து நான் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்தியிருக்கிறேன்.

அண்ணி அழுவார், இல்லை கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு முட்டியை மடக்கி என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளு," என்றார்.

"ஆமாம்மா."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் அங்கேயே உக்காந்திருப்பேனே அண்ணா. மேல, தரையில. நானாவது தட்டிட்டு இருந்திருப்பேன்."

என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். அண்ணி கொஞ்ச நேரம் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார்.

"அவரு வேலை முடியலன்னு நெனச்சுட்டு இருக்காரு. அதான் வர்றதும் போறதுமா இருக்காரு. வாசல் வரைக்கும் வந்துட்டு, மச்சான் இன்னும் கீழ இருக்கானேன்னு திரும்பிப் போயிடறாரு. தட்டுங்க."

"என்னால முடியாதும்மா."

"தட்டுங்கண்ணா. சாமி முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருக்கோம். இதுக்கு மேல எந்த இடம்?"

என் வீட்டுக்காரர் கை எழவில்லை. அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். உறவான இத்தனை வருஷத்தில் அவர்கள் விரல்கூட உரசியதில்லை. பிடித்து, அந்தக் கையைக் கல்வரை கொண்டுபோனார். விரல் முட்டி பாறையில் பட்டது.

ஒரே தட்டு.

காத்திருந்தோம். கல்லில் தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது. பிறகு, எனக்கு வலப்பக்கம், கையெட்டும் தூரத்தில், அதே ஒற்றைத் தட்டு திரும்பி வந்தது.

நான் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். தீர்த்தம் கொடுத்தார்கள். மூன்று பேரும் வாங்கிக் குடித்தோம். படியேறி செருப்பைப் போட்டு ஆட்டோவில் உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர் நம்ம ஆள், திருவண்ணாமலைப் பக்கம். வண்டியை எடுக்காமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம்ப்பா," என்றேன்.

"அவரு வரட்டும்மா."

"எவரு?"

"உங்க பின்னாடியே வந்தாரே. இன்னும் குனிஞ்சே வர்றாரு பாவம். முதுகு புடிச்சுக்கிச்சா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து, ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டார். சற்று நேரம் கழித்து ஆட்டோக்காரர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்றைக்கு மெட்ரோ நேஷனல் காலேஜ் வந்தபோது என் வீட்டுக்காரர் இறங்கவில்லை. ரயில் சரிவில் இறங்கி, ஜன்னலில் வானம் போய் இருட்டு வந்தது. அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெஜஸ்டிக் வரை நின்றே வந்தார். தட்டவில்லை. விதான சௌதா எதிரில் அண்ணியை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். சிவாஜிநகரில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மறுநாள் காலை அண்ணி குடியாத்தம் பஸ் ஏறினார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். நான் பூஜை அறையில் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. கீழே கேட்டில் யார் வந்தாலும் செக்யூரிட்டி போன் செய்வார். போன் வரவில்லை. கதவில் தட்டு மட்டும் கேட்டது. மூன்றும் இரண்டும்.

நான் கட்டிய மாலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து போனார். கதவை அகலத் திறந்து, உள்ளே வருகிறவருக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்றார். யாரும் இல்லை. வாசலில் காலையில் போட்ட கோலம் இருந்தது. அதன்மேல் வெள்ளையாக ஏதோ தூவினாற்போல் இருந்தது. அவர் குனிந்து இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"கோலமாவு இல்ல," என்றார். "கல்லு."

இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அவர்தான் திறக்கிறார். "வாடா மச்சான்," என்று சொல்லித்தான் கதவைச் சாத்துகிறார். தூக்கத்தில் அவர் விரல் இப்போது அசைவதில்லை. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வருவது என் அண்ணன். மூணு மணிக்கு நான் விளக்கேற்றி வைக்கிறேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தேன். அவரே போனில் கேட்டார்.

"இங்க நின்னு போச்சு. அங்க வர்றாரா?"

என்னால் மறைக்க முடியவில்லை. "வர்றாரு அண்ணி."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அது நம்ம தப்புதான். மேல வான்னு பெங்களூருல நின்னு கூப்ட்டோம். வழி தெரியாத மனுஷன், கிட்ட இருக்கற வீட்டுக்குத்தானே வருவாரு. சரி விடு. ஆபரேஷன தள்ளிப் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை நான் வரேன். லால்பாக் காட்டறேன்னு சொன்னவரு அவருதானே, அவரே காட்டட்டும். அந்தப் பழைய புடவை இன்னும் என்கிட்டதான் இருக்கு."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி சாயங்காலமே வந்துவிட்டார், உள்ளே புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட இப்போதே புளிக்காய்ச்சல் செய்து வைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். எத்தனை பேருக்கு என்று நான் கேட்கவில்லை. வாணலியில் எண்ணெய் வைத்து, கடுகு, மிளகாய், பெருங்காயம் போட்டேன். கடலையை மட்டும் டப்பாவிலேயே விட்டுவிட்டேன்.